உங்களுக்குத் தெரியுமா? – நீலகிரித் தைலம்

● ஊட்டிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வர்க்கியும் தேயிலையும் வாங்கும் கையோடு ஒரு புட்டி தைலமும் வாங்கிவிடுவார்கள். அந்தத் தைலம் வடிக்கும் மரம் நீலகிரியில் பிறந்ததல்ல. டாஸ்மேனியாத் தீவும் அதையொட்டிய தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும்தான் அதன் தாய்நாடு. மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் 1843இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். 1856 முதல் தோப்புத் தோப்பாக நட்டார்கள். அப்போது யாரும் தைலத்தை நினைக்கவில்லை. மலைக்குக் குடிவந்தவர்களின் அடுப்புக்கும் கணப்புக்கும் சோலைக்காடுகள் வெட்டுப்பட்டுக் கொண்டிருந்தன. வேகமாக வளரும் விறகுமரம் ஒன்று தேவைப்பட்டது. மலைமக்கள் அதைக் கற்பூர மரம் என்றார்கள். கீழ்நாட்டில் தைலமரம் ஆயிற்று.

● சமவெளியில் காகிதக்கூழுக்காக ஏக்கர் கணக்கில் நிற்பதும் தைலமரம்தான், ஆனால் வேறு இனம். அதில் எண்ணெய் குறைவு. நீலகிரியில் தைலம் தருவது ‘யூகலிப்டஸ் குளோபுலஸ்’. இளங்கன்றில் இலை வட்டமாக, வெள்ளி பூசியதுபோல இருக்கும்; தண்டு நான்கு பட்டையாக இருக்கும். மரம் வளர்ந்ததும் இலை நீண்டு அரிவாள்போல் வளைந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே மரத்தின் இலை என்று நம்புவது கடினம்.

● இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவைதாம். இலையைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்ட மரம் சேர்த்துவைத்திருக்கும் நஞ்சு அது. அதை நாம் மருந்தாகப் பயன்படுத்துகிறோம் என்பதை இந்தப் பகுதி முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

● 1788இல் ஆஸ்திரேலியாவில் இறங்கிய முதல் ஆங்கிலக் கப்பல் கூட்டத்தின் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட். சிட்னி பக்கத்து யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுத்த எண்ணெய் வயிற்று உபாதைக்குப் பயன்பட்டதாக அவர் எழுதிவைத்தார். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அதற்கு மிக முன்பே இலைகளைக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பயன்படுத்திவந்தார்கள். வணிகமாக எண்ணெய் வடிக்கும் தொழிலை 1850களில் விக்டோரியாவில் தொடங்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர். தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அவருக்கு ஊக்கம் கொடுத்தார்.

● தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். அது கொதிக்க 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் இலையைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் வேகவைக்கிறார்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பிறகு எப்படி எண்ணெய் ஆவியாகிறது? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடிக்கொள்ளும். அதனால் தண்ணீர் கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழேயே இரண்டும் சேர்ந்து ஆவியாகக் கிளம்பிவிடும். குளிரவைத்ததும் எண்ணெய் மேலே மிதக்கும். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய 1 லிட்டர். சருகும் இலையும் பொறுக்கிச் சுமந்து வரும் உழைப்பையும், எரியும் விறகையும் கணக்கில் கொண்டால், சாலையோரத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் பெரிய புட்டியில் என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கத்தான் வேண்டும்.

● யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றின் எண்ணெயும் ஒன்றல்ல. மருந்துத் தரம் என்றால் குறைந்தது 70 விழுக்காடு சினியோல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ், ஐரோப்பிய மருந்து நூல்களின் விதி. எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸில் சினியோல் பேருக்குத்தான் இருக்கும். அதன் மணத்துக்குக் காரணம் சிட்ரோனெல்லால். ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ‘யூகலிப்டஸ் எண்ணெய் கிருமியைக் கொன்றது’ என்று படித்தால், எந்த இனம், எவ்வளவு சினியோல் என்பதைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை நம் வீட்டுப் புட்டிக்குப் பொருத்தக் கூடாது.

● ரோம் நகரை ஒட்டிய ‘ட்ரே ஃபொன்டானே’ மடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் சதுப்பு நிலம்; எப்போதும் மலேரியா. 1870 வாக்கில் அங்கிருந்த துறவிகள் ஆயிரக்கணக்கில் யூகலிப்டஸ் நட்டார்கள். மரத்தின் மணம் கெட்ட காற்றைச் சுத்தம் செய்யும், காய்ச்சல் ஓடிவிடும் என்பது அந்தக் கால நம்பிக்கை. உலகின் பல பகுதிகளில் அதைக் ‘காய்ச்சல் மரம்’ என்றே நட்டார்கள். 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை தெளிந்தது. கொசு முட்டையிடும் சதுப்பு வற்றினால் காய்ச்சல் குறையும். மரத்தால் ஏதாவது நன்மை கிடைத்திருந்தால் அது நீர் உறிஞ்சும் வேரால் கிடைத்தது. மணத்துக்கு அதில் பங்கில்லை. மணமே மருந்து என்ற எண்ணம் மட்டும் இன்றுவரை நம்மை விட்டுப் போகவில்லை.

● அந்த வேர் நீலகிரியில் என்ன செய்தது என்பதையும் அளந்திருக்கிறார்கள். கிளென்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் தைலமரம் வளர்த்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுழற்சியில் மரம் நின்ற பக்கத்தின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. பைக்காராவுக்கும் பவானிக்கும் தண்ணீர் கொடுக்கும் மலையில் இது சிறிய எண் அல்ல.

● அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டர் முதலில் பயன்படுத்தியது கார்பாலிக் அமிலம். அது தோலை அரித்தது. உடலுக்குள் ஏறி நஞ்சாகவும் ஆயிற்று. மாற்றுத் தேடிய அவர் 1880களின் தொடக்கத்தில் யூகலிப்டஸ் எண்ணெய் தோய்த்த கட்டுத்துணியையும் முயன்று பார்த்தார். அவர் பெயரைத் தாங்கி 1879இல் அமெரிக்காவில் பிறந்த ‘லிஸ்டரின்’ இன்றும் கடைகளில் இருக்கிறது. அதன் பழைய வாய்கொப்பளிப்புக் கலவையில் யூகலிப்டஸின் சினியோல் 0.092 விழுக்காடு, தைமால் 0.064, மெத்தில் சாலிசிலேட் 0.060, மெந்தால் 0.042. எவ்வளவு நீர்த்த கலவை என்று பாருங்கள். அதையும் 30 விநாடி கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

● கிருமி எப்படிச் சாகிறது? பாக்டீரியாவைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. தைலம் கொழுப்பில் கரையும். சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கும்; உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் அயனிகள் வெளியே கசியும்; செல் செயலிழக்கும். தோல் புண்ணில் காணும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் இனங்கள் ஓரளவு எளிதாக மடியும். ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் இனங்களுக்கு வெளியே இன்னொரு உறை உண்டு. சூடோமோனாஸோ உள்ளே வரும் எண்ணெயை வெளியே தள்ளும் புரதப் பம்புகளும் வைத்திருப்பதால், பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு எளிதில் அசைவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் நரம்புச் செல்லின் சவ்வும் கொழுப்புதான். கொழுப்பில் கரையும் குணமே தைலத்தைக் கிருமிக்குள் கொண்டுசெல்கிறது. அதே குணம்தான் விழுங்கிய தைலத்தைச் சில நிமிடங்களில் மூளைக்கும் கொண்டுசேர்க்கிறது. ‘இயற்கையானது, கிருமிக்கு மட்டும்தான் கெடுதல்’ என்ற நம்பிக்கைக்கு வேதியியலில் இடமில்லை.

● கிருமியைக் கொல்லும் வலிமையில் யூகலிப்டஸ் நடுத்தரம். நம் அஞ்சறைப்பெட்டியிலும் மருந்துப்பெட்டியிலும் இருக்கும் ஓமத்துக்கும் கிராம்புக்கும் வலிமை கூட. ஓம எண்ணெயில் தைமால், கிராம்பு எண்ணெயில் யூஜினால். இரண்டும் ஃபீனால் வகை. ஆஸ்திரேலியாவின் இன்னொரு மரமான டீ-ட்ரீ எண்ணெயும் யூகலிப்டஸைவிடக் கடுமையானது. 1920களில் சிட்னியின் வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டு அதைச் சோதித்து, கார்பாலிக் அமிலத்தைப்போல் 11 மடங்கு வலிமை என்று கண்டார்.

● முதல் உலகப் போருக்கு முன்னால் உலகத்துக்குத் தைமால் செய்து விற்றது ஜெர்மனி. மூலப்பொருள் இந்திய ஓமம். 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆணையம் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது கையில் இருந்த மருந்தும் தைமால்தான். கொடுத்த கையோடு ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள்: எண்ணெயோ மதுவோ கூடவே உட்கொள்ளக் கூடாது. குடலிலேயே நின்று புழுவைக் கொல்ல வேண்டிய தைமால், எண்ணெயில் கரைந்து இரத்தத்தில் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். 100 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மருத்துவர்கள், எங்கே நிற்க வேண்டும், எங்கே போகக் கூடாது என்று யோசித்து மருந்து கொடுத்தார்கள். இன்று ‘நாலு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடியுங்கள்’ என்று காணொளியில் சொல்பவர்களிடம் அந்த யோசனை இல்லை.

● ஆய்வகத்தில் ‘கிருமி செத்தது’ என்பதை எப்படி அறிகிறார்கள்? அகார் என்னும் கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைத் தடவி, நடுவே எண்ணெய் தோய்த்த வடிதாள் வில்லை ஒன்றை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கூழில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதில் சரியாகப் பரவாது. பாதி காற்றில் ஆவியாகிவிடும். எனவே வட்டத்தை மட்டும் நம்பித் தைலத்தின் வலிமையைச் சொல்லிவிட முடியாது. இன்னும் நம்பகமான முறை, குழம்பாக்கி கலந்து, படிப்படியாக நீர்க்கவைத்து, எந்தக் குறைந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது.

அந்தக் குறைந்த அளவு 1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்த மனிதருக்கு இரத்தம் சுமார் 5 லிட்டர். இரத்தத்தில் மட்டும் 1 விழுக்காடு தைலம் நிற்க வேண்டுமானால் 50 மில்லி வேண்டும். தைலம் இரத்தத்தோடு நின்றுவிடாமல் உடல் முழுவதும் பரவும் என்பதால், உண்மையில் அதற்கும் மேல். ஒரு குழந்தைக்கு 5 மில்லியே மயக்கத்தைக் கொண்டுவரும். தட்டில் கிருமியைக் கொல்லும் அளவை உடலுக்குள் எட்ட முயன்றால் நோயாளிதான் முதலில் போவார். ஆகவே இந்த எண்ணெய்களின் கிருமிநாசினிக் குணம் தோலின் மேல், வாய்க்குள், தரையில், பாத்திரத்தில், உணவுப் பொட்டலத்தின் உள்புறத்தில் பயன்படலாம். அங்கெல்லாம் அதற்கு உண்மையான எதிர்காலம் இருக்கிறது. ஆராய்ச்சியும் அந்தத் திசையில் போக வேண்டும் என்பது என் எண்ணம். விழுங்கித் தொற்றை ஆற்றும் மருந்தாக ஆவதற்கு இந்தக் கணக்கு வழிவிடவில்லை.

● அப்படியானால் சினியோலுக்கு உள்மருந்தாக இடமே இல்லையா? இருக்கிறது, வேறு காரணத்துக்காக. ஜெர்மனியில் சுத்திகரித்த சினியோலைக் குடலில் கரையும் மாத்திரை உறைக்குள் வைத்து விற்கிறார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளில் பாதிப் பேருக்கு நாளுக்கு 3 வேளை 200 மில்லிகிராம் சினியோல், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்தார்கள். 12 வாரத்தில் சினியோல் எடுத்தவர்களின் ஸ்டீராய்டு தேவை 36 விழுக்காடு குறைந்தது. மற்றவர்களுக்கு 7 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மதிக்கத்தக்கது. 2009இல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 242 பேரிடம் நடந்த ஆய்வும் நோய் முற்றும் தருணங்கள் குறைந்ததாகக் காட்டியது. இரண்டிலும் வேலை செய்தது சினியோலின் அழற்சி தணிக்கும், சளி இளக்கும் குணம் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். கிருமியைக் கொன்றதால் வந்த பலன் இது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த 200 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டித் தைலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது. கடைப் புட்டியை வாயில் சாய்ப்பதற்கு இந்த ஆய்வு ஆதாரமாகாது.

● தைலத்தை முகர்ந்ததும் மூக்கடைப்பு விட்டாற்போல் இருக்கிறதே? காற்று போகும் வழியை அளந்து பார்த்தால் பெரிதாக அகலமாவதில்லை. மெந்தாலும் சினியோலும் நரம்பு நுனியிலுள்ள குளிர் உணரி ஒன்றைத் தூண்டுகின்றன. மூளை அதைக் ‘காற்று தாராளமாக வருகிறது’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்த உணரியைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரவில் தூங்க முடியாமல் தவிப்பவருக்கு அந்த ஆறுதல் உணர்வும் பெரிய உதவிதான். மூச்சுத்திணறல் இருப்பவர் மட்டும் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

● கொரோனாக் காலத்தில் கற்பூரம், ஓமம், கிராம்பு, தைலம் சேர்த்துத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் அளவு ஏறும் என்று வாட்ஸப்பில் சுற்றியது நினைவிருக்கும். ஏறாது. இரத்தத்தின் ஆக்சிஜனை நுரையீரல் ஏற்றுகிறது. மணத்தால் அது மாறாது. சினியோல் கொரோனா வைரஸின் புரதத்தில் ஒட்டுகிறது என்று அப்போது வந்த கட்டுரைகள் பலவும் கணினியில் மூலக்கூறு வடிவங்களைப் பொருத்திப் பார்த்தவை. நோயாளியிடம் சோதித்தவை அல்ல.

● ஆவி பிடிப்பது, வேது பிடிப்பது நம் பாட்டிமார் வழி. நொச்சி இலை போட்டாலும் தைலம் விட்டாலும் ஆபத்து பெரும்பாலும் கொதிநீரில்தான். 2020இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டி வெந்துபோன குழந்தைகள் அதிகமாக வருவதாக மருத்துவ உலகை எச்சரித்தது. போர்வைக்குள் சட்டியை மடியில் வைத்துக் குழந்தையை உட்காரவைக்கவே கூடாது.

● மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை யூகலிப்டஸ் எண்ணெய் விழுங்கியதற்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 109 பேர். மரம் பிறந்த நாட்டிலேயே இப்படி. 2, 3 மில்லி உள்ளே போனாலே அசதியும் தூக்கமும் வரலாம். 5 மில்லியோ அதற்கு மேலோ போனால் நினைவு தப்பலாம். பல வீடுகளில் ஆவிக் கருவிக்காக வைத்திருந்த எண்ணெயே குழந்தை கைக்குப் போயிருந்தது. நம் வீடுகளில் அது சாமி அலமாரியிலோ, தலைமாட்டிலோ, திருகுமூடி தளர்ந்து இருக்கிறது.

● வலிப்பு. இது பலருக்குத் தெரியாதது. தைலத்தை முகர்ந்த பிறகு வலிப்பு கண்டவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017இல் எழுதினார்கள். அவர்களில் அதுவரை வலிப்பே வராதவர்களும் உண்டு. தலைவலி, சளி என்று தைலம் தேய்த்து முகர்ந்திருக்கிறார்கள். காரணம் அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெரியாமல் விட்டால் ஆயுள் முழுக்க வலிப்பு மாத்திரை எழுதிக்கொடுக்கும் நிலை வந்துவிடும். வலிப்பு வந்தவர் யாராக இருந்தாலும், ‘அன்றைக்குத் தைலமோ கற்பூரமோ முகர்ந்தீர்களா?’ என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமாகவே சொல்ல வேண்டும்.

● கற்பூரம் வலிப்பை வரவழைக்கும் என்பது மருத்துவத்துக்குப் பழைய சங்கதி. 1934இல் ஹங்கேரியின் லாடிஸ்லாஸ் மெடூனா, மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவழைத்துப் பார்க்க ஊசி வழியாக ஏற்றிய பொருள் எண்ணெயில் கரைத்த கற்பூரம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1980களில் தைலங்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. பூஜைக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்க்கும் வீடுகளில் வரம்பு போட யாரும் இல்லை. மெல்லிய தோல், சின்ன உடல். உள்ளே ஏறும் அளவு அதிகம்.

● கைக்குழந்தையின் மூக்கருகில் மெந்தாலோ தைலமோ தடவினால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கவும் கூடும். கடைகளில் கிடைக்கும் சளித் தைலங்கள் பலவற்றின் அட்டையில் ‘2 வயதுக்குக் கீழ் வேண்டாம்’ என்று எழுதியிருக்கும், பொடி எழுத்தில். அதைப் பெரிய எழுத்தில், தமிழில் போடவைக்க வேண்டும்.

● கோலா கரடி நாளெல்லாம் யூகலிப்டஸ் இலையையே தின்று வாழ்கிறது. எப்படி? 2018இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நஞ்சை உடைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் 31 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. வீட்டுப் பூனையின் கதை நேர் எதிர்; இத்தகைய பொருள்களைக் கழிக்கும் ஒரு முக்கிய வழி அதன் கல்லீரலில் பலவீனம். தைலம் பூசிய கையால் பூனையைத் தடவினாலும், அது தன் உடலை நக்கும்போது உள்ளே போய்விடும்.

● பழைய தைலம் வீரியம் குறைந்ததுதானே, பாதகமில்லை என்று நினைக்க வேண்டாம். அதில் சிறிதளவு இருக்கும் லிமோனீன், பைனீன் போன்றவை காற்றோடு சேர்ந்து ஆக்சிஜன் ஏறி, தோல் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறும். டீ-ட்ரீ எண்ணெயிலும் இதே தொல்லை. அடர்நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, குளிர்ந்த இடம். தோலில் பூசும்போது நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து நீர்க்கவைத்துக்கொள்ள வேண்டும்.

● தைலம் நல்ல கரைப்பான். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டின் பசையைத் தைலம் தொட்ட பஞ்சு எடுத்துவிடும், தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயம், துத்தநாகத் தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கவும் யூகலிப்டஸ் எண்ணெய் பயன்பட்டது.

● சுமார் 50 டிகிரி சூட்டிலேயே தைலத்தின் ஆவி, நெருப்புப் பட்டால் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் இடத்தில் வைத்து ஊற்றக் கூடாது.

● கொசுவுக்கு? எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து பதப்படுத்தி எடுக்கும் பி.எம்.டி. என்ற பொருளை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கொசுவிரட்டியாக ஏற்றுப் பரிந்துரைக்கிறது. ஆனால் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது என்கிறது. ஊட்டித் தைலத்தைக் கையில் பூசிக்கொண்டால் அதே காப்புக் கிடைக்காது. இரண்டும் வேறு மரம், வேறு பொருள்.

● கிராம்புத் தைலம் பல்வலிக்கு நல்லது. பல் மருத்துவர்கள் இன்றும் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். அதே தைலத்தை ஒன்றிரண்டு தேக்கரண்டி விழுங்கிய குழந்தைகளுக்குக் கல்லீரல் பழுதான நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன.

● ஊட்டி, குன்னூர்க் கடைகளில் யூகலிப்டஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புட்டி இருக்கும்: கோல்தேரியாத் தைலம், விண்டர்கிரீன் என்றும் சொல்வார்கள். மூட்டுவலிக்குத் தேய்ப்பது. நீலகிரி மலைகளில் தானாக வளரும் செடியின் இலையிலிருந்து வருவது. ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். இந்தப் பகுதி முழுவதிலும் சொன்ன தைலங்களில் குழந்தையைக் கொல்லக் கூடியதில் முதலிடம் இதற்குத்தான். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேய்ப்பதானாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

● குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்; உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் எண்ணெய் மூச்சுக்குழாயில் புகுந்தால் நுரையீரல் வெந்துவிடும். வாயைத் துடைத்து, 108க்கு அழையுங்கள். ‘நன்றாகத்தானே விளையாடுகிறான்’ என்று காத்திருக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் திடீரென்று துவண்டுவிடலாம். மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். யூகலிப்டஸ் என்றால் அதற்கு முறிமருந்து கிடையாது; மூச்சையும் நினைவையும் கண்காணித்துத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. கோல்தேரியா என்றால் இரத்தத்தில் சாலிசிலேட் அளவைப் பார்த்து, சிறுநீர் வழியே வெளியேற்றும் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டியிருக்கும். இரண்டில் எது என்பதைப் புட்டியைப் பார்த்தால்தான் மருத்துவரால் சொல்ல முடியும்.